காலண்டர் சொன்ன நிறம்

காலண்டர்தானே? அந்தா, சுவத்துல தொங்குது. தாரேன், இரு. அது எங்கயும் ஓடிப் போயிராது. முதல்ல ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா சுபா, வாசல்ல நின்னு வெறைச்சுப் போவ. உக்காரு. காப்பி போடுறேன்.

உன் வீட்டுக்காரரு அனுப்பிச்சாரா? அதான பாத்தேன். நேத்தே நவநீதன் போன் பண்ணினாரு, "ஆன்ட்டி, அது எந்தக் கடை காலண்டர்?"னு. அதுக்கு முந்தி ஈரோட்டுத் தனசேகர். அப்புறம் தனசேகர் பொண்டாட்டி தனியாப் பண்ணுது, "அக்கா, துலா ராசிக்கு இந்தச் சனிக்கிழமை என்ன நிறம்?"னு. நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? முடியல தாயீ. எங்க வீட்டுக்காரரு மீன்பிடியில ஒரு கப்பை ஜெயிச்சாலும் ஜெயிச்சாரு, என் உயிரை வாங்குறாங்க.

நீ இந்த டென்னசிக்கு வந்து ஆறு மாசம் இருக்குமா? அதான் உனக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியல. நம்ம தமிழ் ஆட்கள் சேந்து மீன்பிடி குரூப்பு ஒண்ணு வச்சிருக்காங்க. குளிர்காலத்துலதான் இவங்களுக்குப் போட்டி. வெயில் நாள்ல ஏரியில கூட்டமாம், குளிர்னா ஒரு ஈ காக்கா இருக்காதாம். ஒரு ஈ காக்கா இல்லாத இடத்துக்கு நாம எதுக்குப் போகணும்? கேக்கப்படாது. பாஸ்னு ஒரு மீனு, வாயைப் பாத்தா தலையில பாதி வாயா இருக்கும். அதைப் பிடிச்சு, எடை போட்டு, குழந்தையத் தூக்குனமாதிரி தூக்கிப் போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணியிலயே விட்ருவாங்க. குழம்புக்கும் ஆகாது, வறுவலுக்கும் ஆகாது. இதுக்கு விடியக்காலம் எந்திரிக்கணும்.

நான் எப்படி இதுல மாட்டினேன்னு கேளு. போன சித்திரையில இவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. எங்க மலரு சியாட்டில்ல இருந்து வந்து பத்து நாள் இருந்துட்டுப் போறப்ப ஒரு உத்தரவு போட்டுட்டுப் போனா. "அப்பா இனிமே தனியா ஏரிக்குப் போகக் கூடாது. ஒண்ணு மீன்பிடிய விடணும், இல்ல அம்மா கூடப் போகணும்." இவரு மீன்பிடிய விடலை. அப்ப மிச்சம் என்ன? அம்மா கூடப் போகணும். அம்மாகிட்ட யாராச்சும் கேட்டாங்களா? கேக்கல. எனக்கு அது பெரிசில்ல. கல்யாணமாகி முப்பது வருஷத்துல இந்த வீட்டுல என்னைக் கேட்டு என்ன நடந்துச்சு?

இல்ல, நெசமாத்தான் சொல்றேன். ஒகாயோவுல இருந்து இங்க வந்தோம், வேலை மாத்துன பிறகுதான் எனக்குத் தெரியும். இந்த வீடு, கையெழுத்துப் போடக் கூப்பிட்டப்பதான் பாத்தேன். நல்ல வீடுதான், குறை சொல்லல. நானும் எம்.எஸ்சி. படிச்சவதான் தாயீ, தாவரவியல். கோவில்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்திருக்கேன். இங்க வந்து எனக்கு வாயி காப்பி குடிக்கத்தான்னு ஆயிருச்சு. கெட்ட மனுஷன் இல்ல. கை நீட்டி ஒரு அடி, வாய் நீட்டி ஒரு சொல்லு, எதுவும் கிடையாது. கேக்கத் தெரியாது, அவ்வளவுதான். சீனி போதுமா?

சரி, கதைக்கு வாரேன். தீபாவளி முடிஞ்சு முதல் சனிக்கிழமை. மலரு வாங்கிக் குடுத்த கம்பளி பேன்ட், அதுக்கு மேல இவரு பழைய கோட்டு, தலையில குரங்குக் குல்லா. கண்ணாடியில பாத்தா எனக்கே என்னை அடையாளம் தெரியல. படகுல ஒரு மூலையில பிளாஸ்க்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இவரு ஒரு பெட்டியத் திறந்தாரு பாரு, எத்தனை பொம்மைங்குற! லூர்னு சொல்லணுமாம். எனக்குப் பொம்மைதான். ரப்பர் புழு ஒரு தட்டு, தகர மீனு ஒரு தட்டு. அப்புறம் ஈயக் குண்டுல கொக்கி வச்சு, கொக்கியச் சுத்திக் குஞ்சம் கட்டினமாதிரி ஒண்ணு, அது பேரு ஜிக்காம். எல்லாத்துலயும் எல்லா நிறமும் இருக்கு. துணிக்கடையில பிளவுஸ் பிட்டு தேடுறமாதிரி இவரு அதை எடுக்குறாரு, இதை எடுக்குறாரு, "எதைக் கட்டலாம், எதைக் கட்டலாம்"னு முனங்குறாரு. என்கிட்ட இல்ல, தனக்குத்தானே. கை வெறைச்சு எனக்கு எரிச்சலான எரிச்சல். "காலண்டர்ல உங்க சிம்ம ராசிக்குப் பச்சைனு போட்டிருக்கு, பச்சையக் கட்டித் தொலைங்க"ன்னேன்.

நெசமாவே போட்டிருந்துச்சு. எங்க அண்ணன் வருஷா வருஷம் ஊருல இருந்து யாராச்சும் வந்தா காலண்டர் குடுத்து விடுவாரு. ஜவுளிக்கடைக் காலண்டர், தினமும் தாளு கிழிக்கிறது. அடியில பொடி எழுத்துல ராசிக்கு ஒரு நிறம் போட்டிருப்பான். காலையில தாளைக் கிழிக்கிறப்ப கண்ணுல பட்டுச்சு, வாயில வந்துச்சு. இவரு சிரிச்சாரு. ராசி பலன்னாலே இவருக்கு இளக்காரம். ஆனா சிரிச்சுக்கிட்டே பச்சையக் கட்டினாரு. கொஞ்ச நேரத்துல ஒரு மீனு விழுந்துச்சு பாரு, கழுதை கனம் கனத்துச்சு.

அடுத்த வாரம் படகுல ஏறினதும் கேட்டாரு, "காலண்டர் என்ன சொல்லுது?"

என்கிட்டதான் கேட்டாரு. பெட்டியத் திறந்து வச்சுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்து. அன்னிக்கு வெள்ளைனு போட்டிருந்துச்சு, வெள்ளைன்னேன். மத்தியானம் வரைக்கும் ஒண்ணுமில்ல. எனக்கு மனசு கேக்கல. கேட்டவருக்கு உருப்படியா ஒண்ணு சொல்ல வேணாமா? சாயங்காலம் கிளம்புறப்ப தப்பித் தவறி ஒரு குட்டி மீனு மாட்டுச்சு. அது படகுத் தொட்டியில கிடந்து என்னமோ கக்குச்சு. குனிஞ்சு பாத்தேன். நண்டும் இல்லாம இறாலும் இல்லாம ஒரு ஜந்து. அரக்கு நிறம், கொடுக்கு நுனி மட்டும் ஆரஞ்சு. ஓஹோ, இதைத்தான் தின்னுறியா நீயின்னு நினைச்சேன். இவரு அதைப் பாக்கவே இல்ல, கவுத்துக் கழுவிட்டாரு.

அதுல இருந்து நான் காலண்டர் பாக்குறதை விட்டுட்டேன் தாயீ. தாளு கிழிப்பேன், நிறத்தைப் பாக்க மாட்டேன். தண்ணியப் பாப்பேன். ஏரிக்குப் போனதும் கையுறையக் கழட்டிட்டு விரலைத் தண்ணியில விட்டு வச்சிருப்பேன். விரல் தெரியுதா, எவ்வளவு ஆழம் வரைக்கும் தெரியுது, எத்தனை குளிரு, வெயில் வருமா மூடிக்குமா. தெளிஞ்ச தண்ணின்னா அரக்கு. தெளிஞ்ச தண்ணியில வெயிலும் அடிச்சா வெள்ளித் தகரம். கலங்கலா இருந்தா கருப்பு, அதுவும் பெரிசா, கண்ணு தெரியாதவன் கையில தட்டுப்படுறமாதிரி. குளிரு கூடிப் போனா அதுக்கும் நம்மள மாதிரிதான், போத்திப் படுத்துக் கிடக்கும். துரத்திக்கிட்டெல்லாம் வராது. வாய்க்குப் பக்கத்துல கொண்டு போயி நீட்டணும், நீட்டிட்டுச் சும்மா இருக்கணும். மலருக்குச் சின்னதுல மருந்து ஊத்திட்டு முழுங்குற வரைக்கும் காத்திருப்பேன், அந்தமாதிரி. இவரு இழு இழுன்னு இழுப்பாரு. "ஏங்க, கொஞ்சம் விட்டுட்டு இழுங்க, குளிருதுல்ல அதுக்கு"ம்பேன்.

கையைத் துடைச்சதும் கேப்பாரு, "காலண்டர் என்ன சொல்லுது?" நான் கையை நனைச்சு, எடுத்து, கோட்டுல துடைச்சு முடிக்கிற வரைக்கும் பெட்டியத் திறந்து வச்சுக்கிட்டு மரம்மாதிரி நிப்பாரு. அதுவரைக்கும் வாயத் திறக்க மாட்டாரு. அவசரத்துக்குப் பிறந்த மனுஷன் அப்படி நிக்குறாருன்னா, படகு ஆடும்னு பயம் போல. "காலண்டர்ல அரக்குனு போட்டிருக்கு"ம்பேன். கட்டுவாரு. மீனு விழும்.

ஏன் நெசத்தைச் சொல்லலைங்குறியா? மலரும் இதைத்தான் கேட்டா. என்னன்னு சொல்ல? "நான் தண்ணியப் பாத்துச் சொல்றேங்க"ன்னு சொன்னா, "உனக்கென்ன தெரியும்"னு ஒரு வார்த்தை வந்துட்டா? அப்புறம் கேக்கவும் மாட்டாரு. காலண்டர்னு நினைச்சாவது கேக்குறாரேன்னு இருந்தேன். சொன்னா வெக்கக்கேடு சுபா, அந்த ஒரு கேள்விக்காக நான் சனிக்கிழமை அலாரத்துக்கு முந்தி எந்திரிச்சேன். மீனுக்காக இல்ல. மீனு என்ன மீனு, ஊர்ப்பட்ட மீனு.

அதுக்கும் வந்துச்சு வேட்டு. கார்த்திகைத் தீபத்தன்னிக்கு நம்ம குரூப்பு ஆட்கள் எல்லாம் இங்க வந்திருந்தாங்க. பணியாரம் சுட்டேன். தனசேகரு பணியாரத்தை வாயில வச்சுக்கிட்டே கேக்குறாரு, "என்ன வேலாயுதம் அண்ணே, அக்கா சொல்ற கலர்தான் கட்டுறீங்களாமே? எதுக்கும் அக்காகிட்ட கேட்டுட்டு மூச்சு விடுங்க." எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. சும்மா வேடிக்கைக்குத்தான் சொன்னாரு, பாவம். ஆனா இவரு மூஞ்சி சுருங்கிருச்சு. "அவ என்ன சொன்னா? காலண்டர்ல போட்டிருக்கிறதைப் படிச்சுச் சொல்றா. அதை நானே போன்ல பாத்துக்குவேன்"ன்னாரு. சொன்னது மட்டும் இல்ல, அங்கயே உக்காந்து ராசி பலன் ஆப்பை இறக்கிட்டாரு.

நான் அடுப்படியில நின்னு பணியாரக் குழிக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தேன். குழி நிரம்பி எண்ணெய் வழியுது. வந்தது அழுகையா கோவமான்னு எனக்கே தெரியல. மறுநாள்ல இருந்து தாளு கிழிக்கிறதை நிறுத்திட்டேன். எதுக்குக் கிழிக்கணும்? அதான் போன்ல இருக்கே.

அப்புறம் மார்கழி பூரா இவரு போனைப் பாத்துக் கட்டினாரு. மஞ்சள்னா மஞ்சள், ரோஸுன்னா ரோஸு. குழம்புமாதிரி கலங்கின தண்ணியில வெள்ளியக் கட்டுவாரு. நான் வாயத் திறக்கல. குளிர்ல மூக்கு ஒழுகுது, பல்லு அடிக்குது, நான் பாட்டுக்குத் தண்ணியில விரலை விட்டு உக்காந்திருக்கேன். பழக்க தோசம். ஒரு மீனு கிடையாது. மனசுக்குள்ள சொல்லிக்கிடுவேன், கேளுங்க, ஒரு தடவை கேளுங்க, சொல்லிர்றேன். கேக்கல. சில நேரம் என் கையைப் பாப்பாரு, மறுபடி போனைப் பாப்பாரு. வீட்டுக்கு வந்தா பேச்சு மூச்சு இல்ல. ரெண்டு பேரும் அங்கங்க படுத்துக்குவோம். மீனு விழலைன்னு இல்ல சுபா, பழையபடி ஆயிட்டோமேன்னு இருந்துச்சு எனக்கு. தை மாசப் போட்டியோட நானும் படகுல ஏறுறதை நிறுத்திரலாம்னு முடிவே பண்ணிட்டேன். வேற யாரையாச்சும் துணைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லப் போறேன்னு மலருகிட்டயும் சொல்லிட்டேன்.

பொங்கல் முடிஞ்சு வந்த சனிக்கிழமை போட்டி. ராத்திரியெல்லாம் மழை. ஏரி ஒரு பக்கம் செம்மண் கரைச்சு விட்டமாதிரி கிடக்கு. இவரு போனைப் பாத்தாரு, மஞ்சளாம். மஞ்சளைக் கட்டினாரு. பக்கத்துப் படகுல தனசேகரு ரெண்டு மீனு பிடிச்சிட்டாரு, அங்க இருந்து கை ஆட்டுறாரு. இவருக்கு உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. நெஞ்சுல கை வச்சுத் தேய்ச்சாரு. "என்னங்க பண்ணுது?"ன்னேன். "ஒண்ணுமில்ல, குளிரு"ன்னாரு. "போதும், வீட்டுக்குப் போவோம்"ன்னேன். நான் கையை எடுத்துக் கோட்டுல துடைச்சேன்.

போனைச் சட்டைப் பைக்குள்ள போட்டாரு. ஜிப்பை இழுத்தாரு. பெட்டிய என் பக்கமாத் திருப்பி வச்சாரு. "ஆவுடை, காலண்டர் என்ன சொல்லுது?"

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! ஒன்றரை மாசம் ஒரு வார்த்தை கேக்காம, கேக்குறப்பவும் காலண்டரா? அப்பவும் காலண்டர்தான் பெரிசா? ஆனா அந்த உதட்டைப் பாத்தேன். கோவத்தை எங்க வைக்க? "கருப்பு. நீலம் கலந்த கருப்பு"ன்னேன். "அந்தக் குஞ்சம் வச்ச ஜிக்கு, பெரிசு. கரையோரமா விழுந்து கிடக்கே ஒரு மரம், அதுக்கு அடியில. விட்டுட்டு அசைக்காதீங்க. ரொம்ப மெதுவா"ன்னேன். பாரு, அவ்வளவு படிச்ச மனுஷன், மரத்துக்கு அடியிலங்கிறதெல்லாம் காலண்டர்ல போட்டிருக்குமான்னு கூட யோசிக்கல. தலைய ஆட்டிட்டுக் கட்டினாரு. வெறைச்ச விரலுக்கு முடிச்சு விழல, நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்.

ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. இவரு இழுக்கல. அதுதான் எனக்கு ஆச்சரியம், இழுக்கவே இல்ல. அப்புறம் தூண்டில் நரம்பு லேசா ஒரு பக்கமாப் போச்சு. அவ்வளவுதான், குளிர்ல அது வெடுக்குன்னெல்லாம் கடிக்காது. "ம்"ன்னேன். தூக்கினாரு. வந்துச்சு பாரு ஒரு மீனு, இந்தக் குரூப்புல இதுவரைக்கும் யாரும் அப்படி ஒண்ணு தூக்கினதில்ல. இவரு சிரிக்கிறாரு, இருமுறாரு, சிரிக்கிறாரு. நான் முதுகைத் தடவி விட்டேன். அப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

சாயங்காலம் கப்பைக் குடுத்தாங்க. தனசேகரு மைக்கை நீட்டி, "அண்ணே, ரகசியம் என்னன்னு சொல்லுங்க"ன்னாரு. நான் கூட்டத்துல நிக்குறேன். இவரு என்னைத் தேடிப் பாத்தாரு. பாத்துக்கிட்டே சொல்றாரு, "எங்க வீட்டுக் காலண்டர்." எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். ஆவுடைன்னு ஒரு வார்த்தை, மூணே எழுத்து, சொன்னா வாய் வெந்தா போயிரும்? சரி விடு. எனக்கு அது பெரிசில்ல. காலண்டருக்கு வந்த வாழ்வு.

அதுல இருந்துதான் எல்லாரும் இதைக் கேட்டு வாரீங்க. கொண்டு போ தாயீ, எனக்கு எதுக்கு? இரு, ஆணியில இருந்து கழட்டித் தாரேன்.

என்ன அப்படிப் பாக்குற?

ஆமா, கார்த்திகைத் தேதிதான் காட்டுது. போன வருஷத்துக் காலண்டருதான். புதுசு கொண்டு வாரவங்க இன்னும் ஊருல இருந்து வரல. நான்தான் சொன்னேனே, தீபத்தோட கிழிக்கிறதை நிறுத்திட்டேன்னு.

அங்கிள் பாக்கலையாவா? பாக்காம எங்க போவாரு? நீ உக்காந்திருக்கியே, அது அவரு நாற்காலிதான். விடிஞ்சா அங்க உக்காந்து இதைப் பாத்த வாக்குலதான் காப்பி குடிப்பாரு. தினமும் இதே தாளைப் பாத்துக்கிட்டு...

இரு.

போட்டி நடந்தது தை மாசம். இதுல கார்த்திகைதானே தொங்கிக்கிட்டு இருந்திருக்கும். அன்னிக்குக் காலையிலயும் இதுக்கு முன்னால உக்காந்துதான் காப்பி குடிச்சாரு. அப்ப அவரு என்கிட்ட எந்தக் காலண்டரைக் கேட்டாரு?

சிரிக்காத சுபா. சிரிக்காதங்குறேன்ல. நான் கையைத் துடைச்சு முடிக்கிற வரைக்கும் நிப்பாருன்னு சொன்னேன்ல? படகு ஆடும்னு நிக்கலையோ? சத்தம் போடாத, கராஜுலதான் இருக்காரு, நாளைக்கு ஏரிக்குப் போகப் பெட்டிய அடுக்கிக்கிட்டு இருக்காரு. இரு, ஒண்ணு கேக்குறேன்.

ஏங்க! ஏங்க! நவநீதன் பொண்டாட்டி சுபா வந்திருக்கு! நம்ம காலண்டரைக் கேக்குது! குடுத்து விட்டுரட்டுமா?

கேட்டுச்சா, என்ன சொல்றாருன்னு? எனக்கு ஒரு காது அடைச்சமாதிரி இருக்கு, நீ கேட்டுச் சொல்லு.

"அதைக் குடுக்காத ஆவுடை. அதைக் குடுத்துட்டா நாளைக்கு நான் உன்கிட்ட என்னன்னு சொல்லிக் கேப்பேன்?"

அப்படியா சொன்னாரு? நல்லாக் கேட்டியா?

காப்பிய ஆற விட்டுட்டியே, குடி. நான் ஒண்ணும் அழல, அடுப்புப் புகை. கரண்டு அடுப்புல ஏது புகைன்னு கேக்காத. நவநீதன்கிட்ட போயி, காலண்டர் தர முடியாதாம்னு சொல்லிரு. எங்களுக்கு வேணுமாம்.